எச்.ஐ.வி. கூட்டு மருந்தைத் தொடங்குகிறவர்களுக்கு: முதல் மாத்திரையிலிருந்து முதல் வைரல் லோட் வரை

மருந்து தொடங்கப் போகிறவர்களில் பலர் என்னிடம் முதலில் கேட்பது, "இந்த மருந்து என்ன செய்யும்?" என்று அல்ல. "இது என்னை என்ன பண்ணிவிடும்?" என்றுதான். அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. ஒரு காலத்தில் ஸ்டாவுடின் என்ற மருந்து பலருக்கும் கொடுக்கப்பட்டது. அதை நீண்ட நாள் எடுத்தவர்களில் பலருக்குக் கன்னக் கொழுப்பு கரைந்து முகம் ஒட்டிப்போனது, பாதங்கள் எரிந்தன. அந்தக் கதைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே சொல்லிவிட்டது. இன்று நீங்கள் தொடங்கும் மாத்திரை அதுவல்ல.

இன்றைய மருந்துகளிலும் பக்க விளைவு உண்டு. பெரும்பாலானவை சில வாரங்களில் அடங்கிவிடும். சில மெதுவாக வரும், ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். மிகச் சில ஆபத்தானவை. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும். எனக்கு அதிகக் கவலை தருவது பக்க விளைவு அல்ல, அதை யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுவதுதான். மாற்று மருந்து இருக்கிறது, மருத்துவர் மாற்றித் தருவார். ஆனால் நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

புதிதாகத் தொடங்கும் பெரியவர்களுக்கு இப்போது பல நாடுகளில் தரப்படுவது மூன்று மருந்துகள் சேர்ந்த ஒற்றை மாத்திரை. டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300 மில்லிகிராம், டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம். சுருக்கமாக டி.எல்.டி. என்பார்கள். தினம் ஒன்று. டோலுடெக்ராவிர் சேர்ந்த சிகிச்சையே முதல் தேர்வாக இருக்கட்டும் என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

ஏன் மூன்று? எச்.ஐ.வி. நம் நோய் எதிர்ப்புச் சக்திக்கு முக்கியமான சிடி4 என்ற வெள்ளையணுச் செல்லுக்குள் நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக நகல் எடுக்கிறது. பிறகு அந்த நகலை நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடுகிறது. டெனோஃபோவிரும் லாமிவுடினும் முதல் வேலையைத் தடுக்கின்றன, டோலுடெக்ராவிர் இரண்டாவது வேலையைத் தடுக்கிறது. சிகிச்சை இல்லாத உடலில் ஒரு நாளைக்குச் சுமார் 1000 கோடி புதிய வைரஸ்கள் உருவாகின்றன. இந்த வைரஸ் நகல் எடுக்கும்போது நிறையத் தப்பு செய்யும். அப்படிப் பிசகிப் பிறந்த ஒன்று, தற்செயலாக ஒரு மருந்துக்கு அடங்காததாக இருந்துவிடலாம். மூன்று மருந்துக்கும் ஒரே சமயத்தில் அடங்காமல் போவது மிகக் கடினம். 1987இல் ஜிடோவுடின் தனி மருந்தாக வந்தபோது அதன் பலன் நீடிக்கவில்லை. 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் எய்ட்ஸ் மரணங்கள் வேகமாகக் குறைந்தன.

உங்கள் மாத்திரை வேறொன்றாகவும் இருக்கலாம். எதுவானாலும் டப்பாவில் உள்ள பெயர்களையும் அளவையும் எழுதி வையுங்கள், அல்லது போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. மருந்தின் பக்க விளைவு என்று பொதுவாக ஒன்று கிடையாது. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வந்தது உங்களுக்கு வரவே வாய்ப்பில்லாததாக இருக்கலாம், ஏனென்றால் அவர் எடுப்பது வேறு மருந்து.

தொடங்கும் முன் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

இருமலா, காய்ச்சலா, இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்வையா, எடை குறைகிறதா? ஒன்று இருந்தாலும் சொல்லுங்கள். காசநோய் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். விடாத தலைவலி, கழுத்து விறைப்பு இருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். மூளை உறையில் தொற்று இருக்கும்போது எச்.ஐ.வி. மருந்தை அவசரப்பட்டுத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போது முதலில் அந்தத் தொற்றுக்கு மருந்து கொடுத்துவிட்டு, சில வாரம் கழித்துத்தான் இதைத் தொடங்குவார்கள். மற்றபடி, கண்டறிந்த 7 நாளுக்குள், தயாராக இருந்தால் அன்றைக்கே தொடங்கலாம் என்பதுதான் இன்றைய நடைமுறை.

ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) பரிசோதனை செய்தார்களா என்று நீங்களே கேளுங்கள். டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் சேர்த்து அடக்கி வைக்கின்றன. அது தெரியாமல் ஒருவர் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், அடங்கிக் கிடந்த ஹெபடைடிஸ் பி மீண்டும் கிளம்பிக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கலாம். உங்களுக்கு அது இருக்கிறதென்றால், பின்னாளில் யார் மருந்தை மாற்றினாலும் முதலில் சொல்ல வேண்டிய தகவல் இதுதான்.

சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, மனச்சோர்வு, இதெல்லாம் இருந்தால் சொல்லுங்கள். அபகாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தைத் தருவதாக இருந்தால், எச்.எல்.ஏ.-பி 57:01 என்ற மரபணுப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். அந்த மரபணு இருப்பவர்களுக்கு அபகாவிர் கூடாது.

கர்ப்பமாக இருந்தாலும், அதற்குத் திட்டமிட்டாலும் பயப்படாமல் சொல்லுங்கள். டோலுடெக்ராவிர் குழந்தையின் முதுகுத்தண்டைப் பாதிக்குமோ என்று 2018இல் போட்ஸ்வானாவில் நடந்த ஆய்வு ஒன்று கவலையைக் கிளப்பியது. இன்னும் அதிகப் பிரசவங்களின் தகவல் சேர்ந்தபோது அந்தக் கவலை விலகிவிட்டது. கர்ப்பிணிகளுக்கும் இப்போது இதையே கொடுக்கிறார்கள். இன்னொன்று, எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்தை எடுக்கும் பெண்ணுக்குக் கையில் பொருத்தும் கருத்தடைக் குச்சி சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

அப்புறம், எடுக்கும் எல்லா மருந்தையும் சொல்லுங்கள். கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை, சத்து மாத்திரை, மூலிகை மருந்து எல்லாமே கணக்கில் சேரும்.

எப்போது போடுவது, எதோடு போடக்கூடாது

டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரையைச் சாப்பிட்ட பிறகும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். காலையா இரவா என்பது உங்கள் வசதி. தினம் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு அதைக் கட்டிவிடுங்கள். பல் துலக்கியதும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. எல்லா மருந்தும் இப்படியல்ல. எஃபாவிரென்ஸை வெறும் வயிற்றில், படுக்கப் போகும் முன் போட வேண்டும். கொழுப்பு மிகுந்த உணவோடு போட்டால் அது ரத்தத்தில் அதிகமாக ஏறித் தலைசுற்றலைக் கூட்டும். ரில்பிவிரினும் அட்டாசனாவிரும் நேர்மாறு, உணவோடுதான் போட வேண்டும்.

பலரும் அறியாமல் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. புதுமருந்தால் வயிறு எரிவது போல இருக்கும், உடனே நெஞ்செரிச்சல் மருந்து ஒன்றை விழுங்குவார்கள். அமில எரிச்சலுக்குத் தரும் மருந்துகள் பலவற்றில் அலுமினியமும் மெக்னீசியமும் இருக்கின்றன. இவை வயிற்றிலேயே டோலுடெக்ராவிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சேராது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் போடாதது போல ஆகிவிடும். அதனால் டோலுடெக்ராவிரை அந்த மருந்துக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போ போடுங்கள். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே கணக்கு. ஒரு வித்தியாசம், அவற்றை உணவோடு சேர்த்து ஒரே நேரத்தில் போட்டால் பிரச்சினை இல்லை. ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை எடுக்கும் கர்ப்பிணிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ரில்பிவிரின் எடுப்பவர்கள் ஒமெப்ரசோல் வகை மாத்திரையைத் தொடவே கூடாது.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் டோலுடெக்ராவிர் உடலிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடும். அதனால் அந்தக் காலம் முழுவதும் 50 மில்லிகிராமை ஒரு நாளைக்கு 2 வேளை தருவார்கள். அந்த இரண்டாவது மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள். வலிப்புக்குத் தரும் கார்பமசெபினும் ஃபெனிடோயினும் இதே போல மருந்தின் அளவைக் குறைப்பவை. மனச்சோர்வுக்கு விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையும் அப்படித்தான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு நிலைமை தலைகீழ். டோலுடெக்ராவிர் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், ஆகவே மெட்ஃபார்மினை ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்குள் நிறுத்துவது வழக்கம்.

ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் சேர்ந்த மருந்து எடுப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இவை கல்லீரல் மற்ற மருந்துகளை உடைப்பதைத் தடுக்கின்றன. ஒற்றைத் தலைவலிக்கான எர்கோட்டமின் இவற்றோடு சேர்ந்தால் கைகால் விரல்களுக்கு ரத்த ஓட்டமே நின்றுபோகலாம். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஃப்ளூட்டிகசோன், கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின், ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் இவையும் பிரச்சினை தருபவை.

வேறு மருத்துவரிடம் போகும்போது எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்லத் தயங்குகிறவர்கள் பலர். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது, யாரையும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் அவர் எழுதித் தரும் மருந்தை வாங்கிப் போடும் முன், சீட்டை உங்கள் எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் காட்டிவிடுங்கள். லிவர்பூல் பல்கலைக்கழகம் எச்.ஐ.வி. மருந்துகளோடு எது சேரும், எது சேராது என்று பார்க்க இலவச இணையதளம் நடத்துகிறது. மருத்துவர்களே அதைத்தான் பார்க்கிறார்கள்.

முதல் நான்கு வாரம்

தலைவலி, குமட்டல், வயிற்றுப்போக்கு, அசதி, தூக்கம் கெடுவது, இவைதான் பொதுவாக வருபவை. நிறையப் பேருக்கு எதுவுமே வராது. வந்தாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் குறைந்துவிடும். குமட்டினால் ஏதாவது சாப்பிட்ட பிறகு மாத்திரை போட்டுப் பாருங்கள். தூக்கம் கெட்டால் டோலுடெக்ராவிரை இரவிலிருந்து காலைக்கு மாற்றுங்கள், பலருக்கு அது ஒன்றே போதும். எஃபாவிரென்ஸில் தலைசுற்றலும் நிஜம் போன்ற கனவுகளும் வரும். முதல் சில நாட்கள் வண்டி ஓட்ட வேண்டாம்.

ஜிடோவுடின் உள்ள மருந்து என்றால் ரத்தசோகையைக் கவனிக்க வேண்டும். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, முகம் வெளுக்கிறது என்றால் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள்.

மனசைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எஃபாவிரென்ஸ், சிலருக்கு டோலுடெக்ராவிர்கூட, சோர்வையும் பதற்றத்தையும் கொண்டுவரலாம். "நோய் இருக்கிறது என்று தெரிந்த கவலைதானே" என்று நினைத்து அதை மறைத்துவிடுவார்கள். கவலையா மருந்தா என்று பிரிப்பது உங்கள் வேலை இல்லை, சொல்வது மட்டும்தான் உங்கள் வேலை. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் அன்றைக்கே, அந்த நேரமே யாரிடமாவது சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். மருந்தை மாற்றினால் தெளிந்துவிடக்கூடிய விஷயமாக அது இருக்கலாம்.

மருந்து வேலை செய்வதால் வரும் காய்ச்சல்

இது பலரைக் குழப்பும். சிடி4 மிகவும் குறைந்திருந்த ஒருவர் மருந்து தொடங்குகிறார். சில வாரத்தில் காய்ச்சல் வருகிறது, கழுத்தில் கட்டி வீங்குகிறது, இருமல் கூடுகிறது. "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையில் நடப்பது என்னவென்றால், செயலிழந்து கிடந்த நோய் எதிர்ப்புச் சக்தி எழுந்து, உடலில் ஏற்கெனவே ஒளிந்திருந்த கிருமியோடு சண்டை போடத் தொடங்கியிருக்கிறது. காசநோய்தான் பெரும்பாலும் இப்படி வெளிப்படும். ஒளிந்திருந்த நோய்க்கு மருந்து கொடுத்து, தேவைப்பட்டால் வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். எச்.ஐ.வி. மருந்தை அநேகமாக நிறுத்தவே மாட்டார்கள். நீங்களாக நிறுத்தினால், பாதியில் எழுந்த அந்தச் சக்தி மறுபடி படுத்துவிடும்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

தோலில் லேசான தடிப்பு, வேறு தொல்லை இல்லை என்றால் அன்றைக்கே போன் செய்து கேட்டால் போதும். தடிப்போடு காய்ச்சல், வாயில் புண், கண் சிவப்பு, தோல் கொப்பளித்து உரிவது, முகம் வீங்குவது, இதில் எது சேர்ந்தாலும் அவசர சிகிச்சைக்குப் போங்கள். நெவிராபின் எடுப்பவர்களுக்கு முதல் 6 வாரம் இதில் மிக முக்கியம். அந்த மருந்தை முதல் 14 நாள் ஒரு வேளை மட்டும் கொடுத்து, பிறகு 2 வேளையாக்குவதும் இதற்காகத்தான். தடிப்பு இருக்கும்போது அளவைக் கூட்டக் கூடாது.

அபகாவிரின் ஒவ்வாமை வேறு மாதிரி. காய்ச்சல், வாந்தி, உடல்வலி, இருமல், தடிப்பு எல்லாம் கலந்து சாதாரண ஜலதோஷக் காய்ச்சல் போலவே இருக்கும், ஆனால் மாத்திரை போடப் போட ஒவ்வொரு முறையும் கூடும். பெரும்பாலும் முதல் 6 வாரத்துக்குள் வரும். அடுத்த மாத்திரைக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இந்த ஒவ்வாமை என்று நிறுத்திவிட்டால், அபகாவிரை வாழ்க்கையில் மறுபடி ஒரு மாத்திரைகூடப் போடக் கூடாது. இரண்டாம் முறை சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் கடும் நிறத்தில் போவது, வலது பக்க விலாவுக்குக் கீழே வலி, இவை கல்லீரல் தரும் எச்சரிக்கை. ஒரே விதிவிலக்கு அட்டாசனாவிர். அது கல்லீரலைக் கெடுக்காமலே கண்ணை மஞ்சளாக்கும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனைதான்.

மெதுவாக வருபவை

டெனோஃபோவிர் சிலருக்கு வருடக்கணக்கில் சிறுநீரகத்தையும் எலும்பின் அடர்த்தியையும் பாதிக்கலாம். அதற்காகத்தான் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினை ரத்தத்தில் பார்க்கும் பரிசோதனை. மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளை நாள்கணக்கில் விழுங்குவது இந்த ஆபத்தைக் கூட்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் டெனோஃபோவிர் அலஃபெனமைட் என்ற இன்னொரு வடிவத்துக்கு மாற்ற வாய்ப்புண்டு, அது சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் மென்மையானது.

டோலுடெக்ராவிர் தொடங்கிய முதல் மாதத்தில் கிரியாட்டினின் லேசாக ஏறி அப்படியே நின்றுவிடும். சிறுநீரகம் அதை வெளியேற்றும் ஒரு வழியை மருந்து மூடுவதால் வருவது இது, சிறுநீரகம் கெட்டதாக அர்த்தமில்லை. தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

டோலுடெக்ராவிரில் எடை கூடுவது உண்மை, பெண்களுக்குச் சற்று அதிகம். ஒரு பகுதி, நோயால் இழந்த எடை திரும்புவது. அதற்கு மேலும் கூடலாம். தொடங்கும் நாளன்று எடையை எழுதி வைத்து மாதம் ஒரு முறை பாருங்கள். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் சர்க்கரையைப் பரிசோதியுங்கள்.

ஒரு வேளை தவறிவிட்டால்

நினைவு வந்ததும் போடுங்கள். டோலுடெக்ராவிரில், அடுத்த வேளைக்கு 4 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் விட்டுவிட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடுங்கள். இரண்டைச் சேர்த்துப் போட வேண்டாம். விழுங்கிய சில நிமிடத்தில் வாந்தியில் மாத்திரை அப்படியே வெளியே வந்துவிட்டால் இன்னொன்று போட வேண்டும். நேரம் கழித்து வந்த வாந்தி என்றால் மையத்தில் கேளுங்கள்.

மாதத்தில் ஒரு நாள் மறந்ததற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நாள்கணக்கில் விடுவதும், விட்டு விட்டுப் போடுவதும்தான் பிரச்சினை. ரத்தத்தில் மருந்து பாதி அளவில் நிற்கும்போது, பிசகிப் பிறந்த வைரஸுக்கு வளர இடம் கிடைக்கிறது. லாமிவுடினைத் தோற்கடிக்க வைரஸுக்கு ஒரே ஒரு மாற்றம் போதும். எஃபாவிரென்ஸில் இன்னொரு சிக்கல், எல்லா மருந்தையும் ஒன்றாக நிறுத்தினாலும் அது மட்டும் வாரக்கணக்கில் உடலில் தனியாகத் தங்கும். தனியாக நிற்கும் மருந்தை வைரஸ் சீக்கிரம் பழகிவிடும். பயணம் போகும்போது சில நாளுக்கு அதிகமாக மாத்திரையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டப்பா தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.

வைரல் லோட் பார்க்கும் நாள்

வைரல் லோட் என்பது ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்ற அளவு. தொடங்கிய 6ஆம் மாதம், 12ஆம் மாதம், பிறகு வருடம் ஒரு முறை பார்ப்பது வழக்கமான கணக்கு. "நார்மல்" என்று சொன்னால் அதோடு விடாதீர்கள், எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு மில்லி லிட்டரில் 50 வைரஸ் நகல்களுக்குக் கீழ் என்றால் பொதுவாகக் கண்டறிய முடியாத அளவு என்பார்கள். டோலுடெக்ராவிரில் பலர் மூன்று மாதத்துக்குள்ளேயே அங்கே போய்விடுகிறார்கள். அந்த அளவில் இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் எச்.ஐ.வி. துணைக்குப் பரவாது. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத நூற்றுக்கணக்கான ஜோடிகளை வருடக்கணக்கில் கவனித்த பார்ட்னர் என்ற ஆய்வில், வைரஸ் அடங்கிய துணையிடமிருந்து ஒரு தொற்றுகூடப் பரவவில்லை. இதைக் கேட்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். தாய்ப்பாலுக்கு இதே உறுதியைத் தர முடியாது, அதை மருத்துவரோடு தனியாகப் பேசுங்கள்.

1000க்கு மேல் வந்தால் மருந்து தோற்றுவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். விட்டுப்போன நாட்கள் எத்தனை, சத்து மாத்திரையோ அமில மருந்தோ இடையில் சேர்ந்ததா என்று பேசித் தெளிந்து, ஒழுங்காகப் போட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அந்தப் பேச்சில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஒரு நாளும் விடவில்லை என்று பொய் சொன்னால், நல்ல மருந்து ஒன்றை உங்களுக்கு உதவாதது என்று எழுதி ஒதுக்கிவிடுவார்கள்.

கண்டறிய முடியாத அளவு வந்ததும் சிலர் கேட்கிறார்கள், "இனி நிறுத்தலாமா?" முடியாது. செல்லின் டி.என்.ஏ.வுக்குள் செருகிக் கிடக்கும் நகலை எந்த மாத்திரையும் வெளியே எடுப்பதில்லை. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் வைரஸ் திரும்ப ரத்தத்துக்கு வந்துவிடும். மாத்திரை உண்மையிலேயே தொல்லை தருகிறது என்றால், அதே டப்பாவை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போய், "இது எனக்கு முடியவில்லை, வேறு என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். புது மாத்திரை கைக்கு வரும்வரை, கொப்பளிக்கும் தடிப்பு போன்ற ஆபத்து அறிகுறி இல்லாத பட்சத்தில், பழையதைப் போட்டுக்கொண்டே இருங்கள்.